சுத்தம் செய்வது தண்டனைக்குரிய குற்றம்

பஸ்ஸிலிருந்து இறங்கிய காலடியில் ஒரு சோளப் பொத்தி. யாரோ கொறித்து முடித்த வெறும் பொத்தி. அதைத் தாண்டி அடுத்த காலை வைத்தால் வாழைப்பழத் தோல். அதற்கப்பால் கிழித்தெறிந்த லொத்தர் சீட்டுகள், வடை சுற்றிய தாள்கள், நசுங்கிய தேநீர்க் கோப்பைகள். இரவு பெய்த மழையில் எல்லாமே தரையோடு ஒட்டிக்கொண்டு புளித்த வாசனை அடித்தது.

காலை எட்டு மணிக்கு எங்கள் பஸ் நிலையம் அப்படி இருக்கவே இருக்காது. அதற்குள் நகர சபையின் துப்புரவுத் தொழிலாளர்கள் கூட்டி அள்ளி, மருந்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, பிளேன்டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

அன்று அவர்கள் போகவில்லை. முதல் நாள்தான் திறந்துவைத்த புத்தம் புதிய அறிவித்தல் பலகையின் கீழே, ஏழு பெண்களும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் விளக்குமாறு, பிள்ளையைப் போல.

"என்ன சரோஜா, இன்னும் கூட்டலியா?" என்றேன்.

"கூட்டக் கூடாதாம் மிஸ்."

"யாரு சொன்னது?"

சரோஜா விளக்குமாற்றின் அடிப்பக்கத்தால் தலைக்கு மேலே காட்டினாள். "நீங்கதானே எழுதியிருக்கீங்க. வாசிச்சுப் பாருங்க."

நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் மூன்று வரிகள். மேலே சிங்களம், கீழே ஆங்கிலம், நடுவில் தமிழ். நான் எழுதிக் கொடுத்த தமிழ்: இவ்விடத்தில் சத்தம் செய்வது தண்டனைக்குரிய குற்றமாகும்.

பலகையில் இருந்த தமிழ்: இவ்விடத்தில் சுத்தம் செய்வது தண்டனைக்குரிய குற்றமாகும்.

இரண்டாம் தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"சட்டம்னு வந்துட்டா நாங்க என்ன மிஸ் பண்றது?" என்றாள் சரோஜா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "கோர்ட்டு, கேசுன்னு எங்களால அலைய முடியுங்களா?"

பக்கத்தில் இருந்த பாக்கியம் தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

சத்தத்துக்கு வந்த சட்டம்

கண்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன நகரம் அது. பெயரைச் சொல்லமாட்டேன். அந்தச் சபையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தத் தொடர் வரும் வார இதழை வாங்கி, நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று பக்கத்து மேசைக்காரரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பதாகவும் அறிகிறேன்.

நகரம் சின்னது. சத்தம் பெரியது. தனியார் பஸ்களுக்குச் சாதாரண ஹோர்ன் போதாது. ஒன்று யானை போலப் பிளிறும். இன்னொன்று பழைய காதல் பாட்டு ஒன்றின் முதல் வரியை மட்டும் வாசிக்கும். முதல் வரி முடிந்ததும் நம் மனம் இரண்டாம் வரியை எதிர்பார்த்து நிற்க, பஸ் மீண்டும் முதல் வரியையே வாசிக்கும். கைப்பேசிக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். லொத்தர் சீட்டு விற்பவரிடம் ஒன்று. பேக்கரிப் பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டிக்கு அதற்கென்றே ஒரு மெட்டு. அது கேட்டதும் தெருநாய்கள் எல்லாம் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு சேர்ந்து பாடும்.

இத்தனைக்கும் நடுவில் அரசாங்க ஆஸ்பத்திரி. அதன் மதிலும் பஸ் நிலையத்தின் மதிலும் ஒன்றே. ஒரு நாள் அங்கிருந்து டொக்டர் ஒருவர் சபைக்கு நேரில் வந்து முறைப்பாடு செய்தார்.

"நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்தால் இதயத் துடிப்பு கேட்கவில்லை. நேற்றைய சீட்டிழுப்பின் வெற்றி இலக்கம்தான் கேட்கிறது" என்றார்.

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் சபையின் சத்தக் கட்டுப்பாட்டு உபவிதி. ஆஸ்பத்திரி எல்லைக்குள் ஹோர்ன் கூடாது. ஒலிபெருக்கிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அதுவும் குறித்த நேரத்துக்குள் மட்டும். நியாயமான விதிகள். அவற்றை நிறைவேற்றிய கூட்டத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உறுப்பினர்கள் மூன்று மணி நேரம் கத்தினார்கள். ஒருவர் மேசையில் தட்டினார், இன்னொருவர் மைக்கைப் பிடுங்கினார். விவாதத்தின் நடுவில் ஆஸ்பத்திரி மேட்ரன் ஆள் அனுப்பினார். சபை மண்டபத்தில் கொஞ்சம் மெதுவாகப் பேசட்டாம், வார்டில் நோயாளிகள் விழித்துவிட்டார்களாம்.

சட்டம் நிறைவேறியது. அதை மக்களுக்கு அறிவிக்க வேண்டுமே? ஒரு முச்சக்கரவண்டியில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டி, மூன்று நாட்கள் நகரம் முழுவதும் சுற்றினார்கள். தமிழ் அறிவிப்பு என் குரலில் பதிவானது. "அன்பான பொதுமக்களே, சத்தத்தைக் குறைப்போம்" என்று என் குரலே என் காதைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனது.

எனக்கு அதனால் பெரிய சங்கடம் ஒன்றும் இல்லை. நான் நாவலப்பிட்டியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். என்ஜின்கள் பெட்டி கோத்துக் கழற்றும் சத்தத்தில்தான் தூங்குவோம், படிப்போம். ஒரு தடவை ரயில் வேலைநிறுத்தம் வந்தபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் யாருக்கும் தூக்கம் இல்லை. என் சின்னம்மா காதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டார். காது அடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாராம்.

போடுவதா, செய்வதா

அப்போது அந்தச் சபையில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த உத்தியோகத்தர் நான் ஒருத்திதான். என் கதிரைக்குரிய வேலை வரிப் பிரிவில். ஆனால் தமிழில் ஒரு கடிதம் வந்தாலும், தமிழில் ஒரு கடிதம் போவதென்றாலும் அது என் மேசைக்கு வரும். மரண விசாரணையிலிருந்து மாட்டுக் கொட்டில் அனுமதி வரை நான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

பலகைக்குரிய வாசகமும் வந்தது. நான் முதலில் 'ஒலி எழுப்புதல்' என்று எழுதினேன். எங்கள் செயலாளர் நல்ல மனிதர். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் காதால் கேட்டுப் புரிந்துகொள்வார். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மிஸ், இது பாடசாலைப் புத்தகம் போல இருக்கிறது. ஜனங்கள் பேசுகிற மாதிரி எழுதுங்கள்" என்றார். அவர் பேசுவது சிங்களம். நான் தமிழில் தருகிறேன்.

'சத்தம் போடுவது' என்று எழுதலாம். ஆனால் வகுப்பில் டீச்சர் பிள்ளைகளை அதட்டுவது போல இருந்தது. சிங்களத்தில் 'சத்தம் செய்தல்' என்ற பொருளில் இருந்ததால், நானும் 'சத்தம் செய்வது' என்று போட்டேன். அன்றைக்கு 'போடுவது' என்றே விட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது. சுத்தத்தை யாரும் போட முடியாதல்லவா?

வத்தேகமவில் கடை வைத்திருந்த சிறிபால என்ற சிங்களப் பெயின்டர்தான் சபைக்குப் பலகை எழுதுபவர். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் என் கையெழுத்தைப் படம் பார்த்து வரைவது போல அச்சு அசலாக வரைந்துவிடுவார். எனக்கே என் எழுத்து அழகாக இருக்கிறது என்று தோன்றுவது அவர் பலகைகளில் பார்க்கும்போதுதான். இது முதல் பலகை. இன்னும் பதினொரு பலகைகள் நகரம் முழுவதும் வைப்பதாக இருந்தது. எல்லாம் அவருக்குத்தான்.

திறப்பு விழாவுக்குச் சபையின் தலைவர், அதாவது தவிசாளர், வந்தார். எங்கள் தவிசாளர் அகலமான மனிதர். பத்துப் பதினைந்து படங்கள் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் மேலே சிங்களம் தெரியும், இடுப்புக்குப் பக்கத்தில் ஆங்கிலம் தெரியும். நடுவில் இருந்த தமிழ் வரி முழுவதையும் அவருடைய தோள்களும் மாலையும் மறைத்துக்கொண்டிருந்தன. இது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது எனக்குத் தெரியாது.

சான்றுப் பொருள்

பத்து மணிக்குள் படம் எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சிநேகிதி அழைத்தாள். "என்னடி, உங்கட ஊரில கூட்டிப் பெருக்கினா பிடிச்சு மறியலில போடுவினமாமே? ஓம் எண்டால் நான் அங்கையே இடமாற்றம் கேட்டு வாறன்" என்று சிரித்தாள். பதினொரு மணிக்கு மாகாண அலுவலகத்திலிருந்து செயலாளருக்கு அழைப்பு. அவர்கள் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் துப்புரவு வேலைக்குப் பொறுப்பான ஓவசியர் பலகையடிக்குப் போய்ப் பெண்களைப் பார்த்துக் கத்தினார். சிங்களத்தில் சரியாகத்தானே இருக்கிறது, எழும்பிக் கூட்டு என்று கத்தினார்.

சரோஜா மரியாதையாக எழுந்து நின்றாள். "சேர், எங்களுக்கு சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. எங்க பாஷையில என்ன எழுதியிருக்கோ அதத்தான் நாங்க கேக்கணும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் கேட்டாள்: "சேர், இந்த இடத்தில் சத்தம் போடக் கூடாது என்று சிங்களத்தில் இருக்கிறதாமே?"

ஓவசியர் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஒரு துளி பெயின்ட் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய பிரச்சினை. ஆனால் தவிசாளர் விடவில்லை. அவருக்கு இது எதிர்க்கட்சியின் சதியாகத் தெரிந்தது.

"விசாரணை முடியும் வரை யாரும் அந்தப் பலகையைத் தொடக்கூடாது. அது சான்றுப் பொருள். வெள்ளிக்கிழமைக்குள் யார் செய்ததென்று தெரியாவிட்டால் பொலிஸில் கொடுப்பேன்" என்றார்.

அப்படியே பலகை நின்றது. அதன் கீழே ஏழு பெண்கள். அவர்களைச் சுற்றிக் குப்பை. இரண்டாம் நாள் காகங்களும் கூட்டமாக வந்து சேர்ந்தன. அவற்றுக்கு எந்த உபவிதியும் பொருந்தவில்லை.

செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "மிஸ், பிழை உங்களுடையதா, பெயின்டருடையதா?" என்றார். "பெயின்டருடையது என்றால் மற்றப் பதினொரு பலகையும் வேறு ஆளுக்குப் போகும். உங்களுடையது என்றால்..."  எனக்குப் பதவியுயர்வு நேர்முகத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

நான் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும், "பார்த்துச் சொல்கிறேன் சேர்" என்றேன்.

வால்

அன்று மாலை வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். சிறிபால கடையை மூடாமல் எனக்காகவே காத்திருந்தது போல இருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே, எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். என் தாள். என் கையெழுத்து. 'சத்தம்' என்று சுத்தமாக இருந்தது.

"இன்று காலையில் போய்ப் பலகையைப் பார்த்தேன் மிஸ்" என்றார். "நீங்கள் தந்த எழுத்துக்கு வால் இல்லை. நான் வரைந்த எழுத்துக்கும் வால் இல்லை. இப்போது அதற்கு ஒரு வால் இருக்கிறது."

"நிச்சயமாகவா?"

அவருக்குக் கோபம் வந்தது. "என் தூரிகை மேலிருந்து கீழே வரும். அந்த வால் கீழிருந்து மேலே போயிருக்கிறது. அது தூரிகையே இல்லை. மெல்லிய குச்சி. விளக்குமாற்று ஈர்க்கு மாதிரி ஏதோ ஒன்று. என் பெயின்ட்தான். டப்பாவில் மிச்சம் இருந்ததைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்."

ஈர்க்கு என்று சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். தாளை மடித்து என் கையில் வைத்தார்.

"இதைக் காட்டினால் நீங்களும் தப்பலாம், நானும் தப்பலாம்" என்றார். "பிறகு யார் மாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியாது."

மறுநாள் காலையில் பலகையடிக்குப் போய், சரோஜாவைத் தனியாக ஆஸ்பத்திரி மதிலோரம் கூட்டிக்கொண்டு போனேன். சரோஜாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சபைத் தொழிலாளி ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த நகரத்துத் தொழிலாளர் வரிசை வீட்டு லயத்துக்கு வந்தவள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். லயத்தில் வரும் தமிழ்ப் பத்திரிகையை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் அவள்தான். பதினொரு வருடமாகக் கூட்டுகிறாள். இன்னும் தற்காலிகத் தொழிலாளிதான்.

"அந்த வால யாரு போட்டது சரோஜா?"

"எந்த வாலு மிஸ்?"

"ஈர்க்கால போட்ட வாலு."

அவள் பலகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, திருட்டுத்தனமாக ஆரம்பித்த சிரிப்பு முகம் முழுவதும் பரவியது.

"ரொம்ப நாளா வாசிச்சுக்கிட்டே இருந்தேன் மிஸ். ஒரு சின்ன சுழிப்புத்தான் கொறையுதுன்னு தோணிச்சு" என்றாள்.

"ரொம்ப நாளா? பலகை தொறந்தே மூணு நாள்தான் ஆச்சு."

"அப்ப ஒரு நாளா" என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஏன் என்று கேட்டேன். அவள் பலகையடியில் இருந்த பாக்கியத்தைக் காட்டினாள். பாக்கியத்தின் இடது காலில் கட்டு. கட்டுக்கு மேல் ஒரு கடைப் பை. பைக்கு மேல் ரப்பர் செருப்பு. குப்பைக்குள் கிடந்த கண்ணாடி வெட்டியது. அதற்கு முந்திய மழையில் இன்னொருத்தி எலிக் காய்ச்சலில் பதினாறு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பூட்ஸும் கையுறையும் கேட்டு அவர்கள் நான்கு கடிதம் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியாதா? நான்கையும் சிங்களத்தில் மொழிபெயர்த்தது நான்தானே.

"பூட்ஸு வந்துருச்சு மிஸ்" என்றாள் சரோஜா.

"எங்க?"

"சாமான் ரூம்ல. எட்டு மாசமாச்சு. அங்க கூட்டுறது நாந்தானே. பொட்டி பொட்டியா அடுக்கியிருக்கு. தவிசாளர் ஐயா கையால குடுக்கணுமாம், அதுக்கு நாள் கெடைக்கலையாம். போர்டு தொறக்க மட்டும் நாள் கெடைச்சிச்சு. அன்னைக்குத்தான் மிஸ் எனக்கு ஆத்திரமா வந்துச்சு."

நான் கையிலிருந்த தாளைப் பற்றிச் சொன்னேன். விசாரணையைப் பற்றி, பொலிஸைப் பற்றி, சிறிபாலவின் பதினொரு பலகைகளைப் பற்றிச் சொன்னேன். என் நேர்முகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுடைய சிரிப்பு மறைந்தது.

"பெயின்டருக்கு தமிழ் தெரியாது, அதனால ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "சரி மிஸ். நானே போய் சொல்லிட்றேன்."

"சொன்னா நாளையிலிருந்து வேலை இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா பேசாம இரு. நான் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

அதிகாரமாகத்தான் சொன்னேன். ஆனால் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

நீல மை

என் மேசைக்கு வந்து தாளை விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் காதல் பாட்டின் முதல் வரியை வாசித்துக்கொண்டு போனது. புதிய சட்டத்தை அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நேர்முகத்தை நினைத்தேன். பன்னிரண்டு வருட வேலையில் என் கோப்பில் ஒரு கறையும் இல்லை. அந்தக் கோப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை உண்டு. பாக்கியத்தின் காலில் இருந்த கடைப் பை அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான்கு கடிதங்களையும் மொழிபெயர்த்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்தவள் நான். அவை எங்கே போயின என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாமான் அறைப் பெட்டிகள் எனக்கும் தெரிந்திருக்கும்.

திறப்பு விழாப் படம் ஒன்றிலும் தமிழ் வரி தெரியாது, அன்று அது சரியாக இருந்தது என்று யாரும் காட்ட முடியாது. மேசையில் கிடந்த பேனையை எடுத்தேன். 'ச'வுக்குக் கீழே, மெதுவாக, ஒரு வால் போட்டேன்.

பயமாகத்தான் இருந்தது. அதே நேரம், பொய் சொல்லக் கூடாது, சின்ன வயதில் பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்தபோது இருந்த அதே ஆனந்தமும் இருந்தது.

செயலாளரின் அறைக்குப் போனேன்.

"சேர், பிழை என்னுடையதுதான். பெயின்டர் நான் எழுதியதைத்தான் வரைந்திருக்கிறார்" என்று தாளைக் கொடுத்தேன்.

அவர் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். தமிழ் வாசிக்கத் தெரியாத மனிதர் ஒரு தமிழ் எழுத்தை அவ்வளவு நேரம் பார்த்ததை நான் கண்டதில்லை.

"மிஸ், எழுதும்போது பேனையை மாற்றினீர்களா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். முழு வசனமும் கறுப்பு மை. வால் மட்டும் நீலம்.

"ஆமாம் சேர்" என்றேன். "நடுவில் மை முடிந்துவிட்டது."

"ஒரே எழுத்தின் நடுவிலா?"

"ஆமாம் சேர்."

"பிறகு மீதி வசனத்துக்குப் பழைய பேனைக்கு மறுபடியும் மை வந்துவிட்டதாக்கும்."

"கொஞ்சம் உதறினேன் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய நேரமானது. "மிஸ், இது கோப்பில் ஏறும். நேர்முகத்தில் கேட்பார்கள்" என்றார் மெல்லிய குரலில்.

"தெரியும் சேர்."

தாளைக் கோப்புக்குள் வைத்து மூடினார். 

பெட்டிகள் திறந்தன

நான் எழுந்து போகவில்லை. "சேர், இன்னொரு விஷயம். நாளைக் காலையில் பலகையைத் திருத்தும்போது பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். இரண்டு பேர் எனக்கே அழைத்துக் கேட்டார்கள்."

"வரட்டும்."

"படத்தில் தொழிலாளர்களும் வருவார்கள். ஒருத்தியின் காலில் கடைப் பை கட்டியிருக்கிறது."

செயலாளர் நிமிர்ந்தார்.

"சாமான் அறையில் பூட்ஸ் இருக்கிறதாம் சேர்" என்றேன். "தவிசாளருக்கு நாளை நாள் கிடைத்தால், பலகையைத் திருத்திய கையோடு அதையும் கொடுத்துவிடலாம். ஒரே மாலை போதும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, கோபம் அல்லாத ஒன்றும் இருந்தது. தொலைபேசியை எடுத்துத் தவிசாளரை அழைத்தார். சதி ஒன்றும் இல்லையாம், மொழிபெயர்ப்புப் பிழையாம் என்றார். தவிசாளருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் பூட்ஸ் விழா என்றதும் மறுபடி உற்சாகமாகிவிட்டார் என்று நினைக்கிறேன். குரல் தொலைபேசிக்கு வெளியே எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை, சிறிபால பெயின்ட் டப்பாவோடு பலகையடிக்கு வந்தார். ஒரு துணியை எண்ணெயில் நனைத்து வாலைத் துடைத்தார். பிறகு அந்த இடத்துக்கு வெள்ளைப் பூச்சு பூசினார். முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ்ஸின் கையெழுத்து அழகானதுதான்" என்றார் மெதுவாக. "ஆனாலும் அடுத்த பதினொன்றுக்கும் டைப் பண்ணித் தாருங்கள்."

தவிசாளர் மாலையோடு வந்தார். ஏழு பெண்களும் வரிசையில் நின்று பூட்ஸும் கையுறையும் வாங்கினார்கள். அத்தனையும் ஆண்களின் அளவு. சரோஜா அங்கேயே, பலகையடியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினாள். எழுந்து நான்கு அடி நடந்தாள். 'டொப், டொப்' என்று பஸ் நிலையமே திரும்பிப் பார்த்தது.

"சேர், சத்தம் வருதே, பரவாயில்லையா?" என்று ஓவசியரைக் கேட்டாள்.

பாக்கியம் இந்தத் தடவை துவாயால் வாயைப் பொத்தவில்லை. வெடித்துச் சிரித்தாள். பிறகு எல்லோரும் கூட்ட ஆரம்பித்தார்கள். மூன்று நாள் குப்பை. மத்தியானம் வரை கூட்டினார்கள்.

என்னைத் தாண்டிப் போகும்போது சரோஜா கொஞ்சம் நின்றாள். நன்றி என்று ஏதும் சொல்லிவிடுவாளோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. 

"மிஸ், காலத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். என் காலடியில் கிடந்த சீட்டுத் துண்டுகளைக் கூட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு கையொப்பங்கள்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "நீங்கள் ஏன் அந்தச் சபையில் சீக்கிரம் மேலே போகவில்லை?" என்று கேட்டு எழுதியிருந்தார். அந்த நேர்முகத்தில் எனக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. கோப்பைத் திறந்ததும் முதல் தாளே அந்த நீல வால் போட்ட தாள்தான். மூவர் கொண்ட குழுவில் ஒருவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்தப் பலகை நீங்கள்தானா?" என்றார். ஆமாம், நான்தான் என்றேன். இரண்டு வருடம் கழித்து அடுத்த நேர்முகத்தில் கிடைத்தது. இரண்டு வருடத்தில் நான் தேய்ந்துவிடவில்லை.

ஆனால் அதற்கு முன், எச்சரிக்கைக் கடிதம் வந்த நாளைச் சொல்ல வேண்டும்.

பூட்ஸ் விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை, செயலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். சிங்களத்தில் நான்கு வரிகள். என் கவனயீனத்தால் பொதுமக்களிடையே குழப்பம் ஏற்பட்டதாகவும், நான் எச்சரிக்கப்படுவதாகவும் இருந்தது. வாசித்துவிட்டு எழுந்தேன்.

"கொஞ்சம் இருங்கள் மிஸ்" என்றார். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார். "சட்டப்படி, தமிழ் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்."

"சரி சேர்."

"நம்மிடம் தமிழ் தெரிந்தவர்..." என்று இழுத்தார்.

"நான்தான் சேர்."

"அவசரமில்லை. நாளைக்குத் தந்தாலும் போதும்."

அன்றே எழுதினேன். கறுப்பு மையில், ஒரே பேனையால். மூன்று தடவை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். கீழே இரண்டு இடத்தில் கையொப்பமிட்டேன். 'மேற்படி எச்சரிக்கையைப் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் ஒன்று. 'இது சரியான மொழிபெயர்ப்பென உறுதிப்படுத்துகின்றேன்' என்ற இடத்தில் இன்னொன்று.

அந்தக் கடிதம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. 'உமது கவனயீனம் காரணமாக நீர் இத்தால் கடுமையாக எச்சரிக்கப்படுகின்றீர்.' சிங்களத்தில் வெறுமனே 'எச்சரிக்கப்படுகின்றீர்' என்றுதான் இருந்தது. 'கடுமையாக' என்பதை நான்தான் சேர்த்தேன். அது இல்லாமல் வசனம் நிற்கவில்லை.